'சிஸ்டம் போயிடுச்சு, நாளைக்கு வாங்க': அலுவலகக் கணினிகளில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள்

மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு வருமானச் சான்றிதழ் வேணும். அரை நாள் லீவு போட்டுட்டு, ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ எல்லாம் எடுத்துக்கிட்டு சேவை மையத்துக்குப் போறீங்க. முக்கால் மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு உங்கள் முறை வருகிறது. விவரங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே திரை கறுத்துப் போகிறது. "சிஸ்டம் போயிடுச்சு சார், நாளைக்கு வாங்க" என்கிறார் கவுன்டரில் இருப்பவர். போன வாரமும் அதே கவுன்டர், அதே கணினி, அதே பதில்.

நாம் எல்லோரும் கேட்டுப் பழகிப்போன வார்த்தை இது. ஆனால் 'சிஸ்டம் போயிடுச்சு' என்பது நோயின் பெயர் அல்ல. 'உடம்பு சரியில்லை' என்று சொல்வது போலத்தான். காய்ச்சலா, வயிற்று வலியா, எப்போது வருகிறது என்று சொன்னால்தானே மருத்துவர் மருந்து தர முடியும்? கணினிக்கும் அதே கணக்குதான்.

கவுன்டருக்கு உள்ளே உட்காருபவராக நீங்கள் இருக்கலாம். பள்ளி அலுவலகம், கூட்டுறவுச் சங்கம், சிறு நிறுவனம், சொந்தமாக நடத்தும் கணினி மையம் என்று ஏதோ ஓரிடத்தில் ஒரு டெஸ்க்டாப் உங்கள் பொறுப்பில் இருக்கலாம். அல்லது வெளியே வரிசையில் நிற்பவராக இருக்கலாம். இருவருக்குமான பாடம் இது. இதற்குத் தேவையான கருவி உங்கள் கையிலேயே இருக்கிறது: உங்கள் ஸ்மார்ட்போன்.

முதல் பாடம்: ரீஸ்டார்ட் என்பது ரிப்பேர் அல்ல

கணினி நின்றுபோனால் ஆஃப் செய்து ஆன் செய்கிறோம். ஓடுகிறது. 'சரியாயிடுச்சு' என்று வேலையைத் தொடர்கிறோம். உண்மையில் எதுவும் சரியாகவில்லை; கோளாறு கொஞ்ச நேரம் ஒதுங்கி நிற்கிறது, அவ்வளவுதான். ஒரே கோளாறு மூன்றாவது முறை வந்தால், அதற்குப் பின்னால் தீராத ஒரு காரணம் இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அந்தக் காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும்: மின்சாரம், சூடு, தளர்ந்த இணைப்பு, வயதான பாகம்.

பாகத்தை மாற்றிவிட்டுக் காரணத்தை விட்டுவிட்டால், புதுப் பாகமும் அதே வழியில் போகும். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அதற்கு முன் இரண்டு எச்சரிக்கைகள். கணினி உத்தரவாதத்திலோ ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்திலோ இருந்தால், நீங்களாகக் கேபினட்டைத் திறக்காதீர்கள். கவனித்துக் குறித்து வைப்பது மட்டும்தான் உங்கள் வேலை. சொந்தக் கணினி என்றால், திறப்பதற்கு முன் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவிவிட வேண்டும். பிறகு கணினியின் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரமும் வடிந்துவிடும்.

திங்கட்கிழமை மட்டும் தேதி தவறுகிறதா?

காலையில் கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் ஏதோ ஆங்கில வாசகம், 'எஃப் 1 அழுத்தவும்' என்கிறது. அழுத்தினால் ஓடுகிறது. ஆனால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கிறது. தேதியைத் திருத்திக்கொள்கிறோம். மறுநாள் மீண்டும் அதே கதை. வெள்ளிக்கிழமை ஒழுங்காக இருந்தது, திங்கட்கிழமை தவறிவிடுகிறது.

காரணம், மதர்போர்டில் இருக்கும் ஒரு சின்ன வட்ட பேட்டரி. சிஆர் 2032 என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். 3 வோல்ட், விலை சில பத்து ரூபாய்தான். கணினிக்கு மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவதும், தொடக்க அமைப்புகளைக் காப்பாற்றுவதும் இதன் வேலை. பல அலுவலகங்களில் மாலையில் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போவது வழக்கம். அப்போதெல்லாம் இந்தப் பேட்டரிதான் சுமையைத் தாங்குகிறது. சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். சனி, ஞாயிறு இரண்டு நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்த பிறகு திங்கள் காலையில் தவறுவது அதனால்தான்.

'தேதி தப்பா காட்டினா என்ன, வேலை நடக்குதே' என்று விட்டுவிட முடியாது. பாதுகாப்பான இணையதளங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று உண்டு. அதற்குக் காலக்கெடுவும் உண்டு. கணினியின் தேதி தவறாக இருந்தால் 'இந்தத் தளம் பாதுகாப்பற்றது' என்று பிரவுசர் தடுத்துவிடும். ஆதார் கைரேகைச் சரிபார்ப்பில், கோரிக்கை அனுப்பப்பட்ட நேரமும் சேர்ந்தே போகிறது. அந்த நேரம் மிகப் பழையதாகவோ, இனி வரப்போகும் நேரமாகவோ இருந்தால் கோரிக்கை நிராகரிக்கப்படும். விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்க்கும் ஒரு முதியவர், தன் ரேகைதான் தேய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்புவார். தேய்ந்தது அவர் ரேகை அல்ல, ஐம்பது ரூபாய்கூடப் பெறாத பேட்டரியாக இருக்கலாம்!

பேட்டரியை மாற்றும் முன், பயாஸ் அமைப்புத் திரைகளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியதும் சில அமைப்புகள் பழைய நிலைக்குப் போய்விடலாம். படம் இருந்தால் திரும்ப வைப்பது சுலபம். கழற்றிய பேட்டரியை மேசையில் போட்டு வைக்காதீர்கள். குழந்தைகள் விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும் ஆபத்தான பொருள் அது.

பீப், பீப்... திரையில் ஒன்றும் இல்லை

பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் வரவில்லை. சில கணினிகள் பீப் பீப் என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் வீண் இல்லை. எந்தப் பாகத்தில் கோளாறு என்பதைக் கணினி தன் மொழியில் சொல்கிறது. எத்தனை முறை, நீளமா குட்டையா என்பது ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும். போனில் பத்து விநாடி வீடியோ எடுத்து மெக்கானிக்குக்கு அனுப்புங்கள். பாதி வேலை முடிந்தது.

முதலில் வெளியே பாருங்கள். மானிட்டர் கேபிள் இரண்டு முனையிலும் இறுக்கமாக இருக்கிறதா? பெருக்கும்போது துடைப்பம் பட்டு நழுவியிருக்கலாம். மானிட்டரில் 'சிக்னல் இல்லை' என்று வந்தால் மானிட்டர் நல்லாத்தான் இருக்கு என்று அர்த்தம். கேபிளையும் கணினியையும்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த சந்தேகம் ரேம். ஸ்லாட்டில் செருகியிருக்கும் இந்தச் சின்னப் பட்டையின் ஓரத்தில் பொன்னிறக் கோடுகள் இருக்கும். தூசியும் ஈரக்காற்றும் அவற்றில் மெல்லிய படலத்தை உண்டாக்கும். வெயில் காலத்தில் ஓடி, மழைக்காலத்தில் அடம்பிடிக்கும் கணினிகளில் இதை முதலில் பார்க்கலாம். பிளக்கை உருவிவிட்டு, கேபினட்டின் இரும்புச் சட்டத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, ரேமை ஓரத்தில் பிடித்துக் கழற்றுங்கள். அந்தப் பொன்னிறக் கோடுகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் தட்டிவிட்டு, 'க்ளிக்' என்று பூட்டு விழும் வரை செருகுங்கள். ஈரத்துணி, சானிடைசர் வேண்டாம்.

கைரேகைக் கருவி, வெப்கேமரா ஆகியவை அடிக்கடி துண்டிக்கப்பட்டால், அவை கேபினட்டின் முன்பக்க யு.எஸ்.பி துளையில் செருகப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். தினமும் பென் டிரைவ் போட்டுக் கழற்றி அந்தத் துளைகள் தளர்ந்துபோயிருக்கும். பின்பக்கத் துளைக்கு மாற்றிவிட்டாலே பல நேரம் தொல்லை தீர்ந்துவிடும்.

மதியத்துக்கு மேல் தானாக அணைகிறதா?

காலையில் நன்றாக ஓடும். பதினொரு மணிக்கு மெதுவாகும். இரண்டு மணிக்கு ஃபேன் 'உய்ங்' என்று கத்தும். பிறகு பட்டென்று அணையும். பத்து நிமிடம் கழித்துப் போட்டால் திரும்ப ஓடும். இது சூட்டுக்கோளாறுக்கான தெளிவான அறிகுறி.

கணினியின் பிராசசருக்குத் தாங்கும் சூடு என்று ஓர் எல்லை உண்டு. பல பிராசசர்களுக்கு அது ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ். அந்த எல்லையை நெருங்கினால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போதும் ஆறவில்லை என்றால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கணினியையே அணைத்துவிடும். ஆக, மதியம் 'ஸ்லோவா இருக்கு' என்பதும், பிறகு 'ஆஃப் ஆயிடுச்சு' என்பதும் ஒரே கோளாறின் இரண்டு படிகள்.

சூடு ஏறக் காரணம் பெரும்பாலும் தூசிதான். சாலையோர அலுவலகங்களில் ஆறே மாதத்தில் ஃபேனுக்கு அடியில் இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கம்பளி போலத் தூசி படிந்துவிடும். காற்று புகவே வழியிருக்காது. கேபினட்டைச் சுவரோடு ஒட்டி வைப்பது, மேலே கோப்புகளை அடுக்குவது, மேசைக்குள் மூடிய அறையில் வைப்பது எல்லாம் சூட்டை இன்னும் கூட்டும். நம் ஊரில் எறும்பும் பல்லியும்கூடக் கதகதப்பைத் தேடிக் கேபினட்டுக்குள் குடியேறும். பின்பக்கம் மூடி இல்லாத இடுக்குகளுக்குத் தகடு போட்டு அடைப்பது நல்லது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை புளோயரால் தூசி தட்டுங்கள். காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அதிவேகத்தில் சுழன்றால் கெட்டுவிடும். தூசி தட்டியும் சூடு குறையவில்லை என்றால், பிராசசருக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் வெப்பப் பசை காய்ந்திருக்கும். அதை மாற்ற மெக்கானிக்கை அழையுங்கள்.

பிரின்ட் கொடுத்தா சிஸ்டம் அணையுது!

இப்படி ஒரு நிலைமையை வைத்துக்கொள்வோம். ஒரு கவுன்டரில் கணினி வாரம் நான்கு முறை அணைகிறது. மெக்கானிக் வருகிறார், விண்டோஸைப் புதிதாக ஏற்றுகிறார். மறுபடியும் அணைகிறது. அடுத்த முறை வந்து ரேம் மாற்றுகிறார். மறுபடியும் அணைகிறது. மூன்றாம் முறை வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கிறார். கணினி ஒழுங்காக ஓடுகிறது. "ஒண்ணும் பிரச்சனை இல்லையே" என்று போய்விடுகிறார். அவர் போன பதினைந்தாவது நிமிடம், ஒரு சான்றிதழை அச்சிடும்போது அணைந்துவிடுகிறது.

அந்த இரண்டு மணி நேரத்தில் மெக்கானிக் ஒரு பக்கம்கூட பிரின்ட் எடுக்கவில்லை. அங்கேதான் விடை இருந்தது. லேசர் பிரின்டரும் கணினியும் ஒரே யு.பி.எஸ்ஸில் செருகப்பட்டிருந்தன.

சாதாரண மேசைக் கணினிக்குப் போடும் 600 விஏ யு.பி.எஸ் சுமார் 360 வாட் வரைதான் தாங்கும். லேசர் பிரின்டர் அச்சிடும்போது மைத்தூளை உருக்கிக் காகிதத்தில் ஒட்டவைக்க உள்ளே ஒரு ஹீட்டர் சூடாகும். அந்தச் சில விநாடிகளில் அது பல நூறு வாட் இழுக்கும். யு.பி.எஸ் திணறும், கணினி விழும். லேசர் பிரின்டரை யு.பி.எஸ்ஸில் செருகக் கூடாது; சுவரில் தனி சாக்கெட்டில்தான் செருக வேண்டும். செலவே இல்லாத தீர்வு. ஆனால் 'எப்போது அணைகிறது' என்று யாரும் குறித்து வைக்காததால் மூன்று முறை மெக்கானிக் வந்தும் பயனில்லை. எத்தனையோ பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

யு.பி.எஸ் பேட்டரியும் கவனிக்க வேண்டியது. உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் திறன் கொண்ட சீல் செய்த பேட்டரி. அதன் ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டுகள்தான். சூடான இடத்தில் வைத்தால் இன்னும் சீக்கிரம் போகும். கரன்ட் போன அந்த நொடியே கணினியும் அணைந்தால், யு.பி.எஸ் பெயருக்குத்தான் இருக்கிறது என்று அர்த்தம். மாதம் ஒருமுறை வேலை முடிந்து எல்லாவற்றையும் சேமித்து மூடிய பிறகு, சுவர் சுவிட்சை அணைத்து எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று போனில் நேரம் பாருங்கள். ஐந்து நிமிடம்கூட நிற்காவிட்டால் பேட்டரி மாற்றும் நேரம் வந்துவிட்டது.

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்கிறதா?

கேபினட்டின் இரும்பில் கை பட்டால் லேசாகச் சுர்ரென்று இழுக்கும். 'லேசா ஷாக் அடிக்கும், ஒண்ணும் ஆகாது' என்று பழகிப்போனவர்கள் உண்டு. தயவுசெய்து பழகாதீர்கள்.

கணினிக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ், 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றித் தருகிறது. அதில் உள்ள வடிகட்டிப் பகுதி, தேவையற்ற மின்னலைகளை எர்த் கம்பி வழியாகக் கழித்துவிடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. எர்த் இல்லை என்றால் அவை போக வழியின்றி, கேபினட்டில் நூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. ஆனால் உள்ளே நிஜமான கசிவு ஏற்பட்டால், காப்பாற்ற அங்கே எர்த் இருக்காது. உயிருக்கே ஆபத்து.

கணினிக்கும் அது கெடுதல். எர்த் சரியில்லாத இடத்தில் கைரேகைக் கருவி விட்டுவிட்டு வேலை செய்வது, மவுஸ் உறைவது, யு.எஸ்.பி துளைகள் எரிந்துபோவது எல்லாம் நடக்கும். மூன்று பின் பிளக்கில் பெரிய பின்தான் எர்த். அதை வெட்டிவிட்டோ, இரண்டு பின் அடாப்டர் போட்டோ பயன்படுத்தாதீர்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கை உருவிய பிறகும் அதற்குள் ஆபத்தான அளவு மின்சாரம் தேங்கியிருக்கும்.

கரன்ட்தான் காரணமா, கணினிதான் காரணமா என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. தொல்லை தரும் கணினியையும் நன்றாக ஓடும் கணினியையும் இடம் மாற்றி வையுங்கள். கோளாறு கணினியோடு சேர்ந்து போனால் கணினியில் பழுது. கோளாறு பழைய மேசையிலேயே தங்கிவிட்டால், அந்த இடத்து சாக்கெட், யு.பி.எஸ், எர்த் இவற்றில் பழுது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நான்கை ஒரே நாளில் மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாது.

எல்லாப் பழியும் பயன்படுத்துபவர் மேல் அல்ல

'உங்க ஸ்டாஃப் சரியா யூஸ் பண்ணல' என்பது அடிக்கடி கேட்கும் குற்றச்சாட்டு. எப்போதும் அது உண்மையல்ல. இதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2003 முதல் 2005 வரை விற்பனையான டெல் நிறுவனத்தின் ஆப்டிபிளெக்ஸ் அலுவலகக் கணினிகள் பல, திடீர் திடீரென்று நின்றுபோயின. மதர்போர்டில் உருளை வடிவில் நிற்கும் கெப்பாசிட்டர்கள் தரமற்றவையாக இருந்ததுதான் காரணம். அவை உப்பி, ரசாயனத்தைக் கசியவிட்டன. பழுதான போர்டுகளை மாற்றித் தர அந்த நிறுவனம் 2005-ல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளில் வேறு பல நிறுவனங்களின் மதர்போர்டுகளிலும் இதே தொல்லை இருந்தது.

இதில் நமக்கு என்ன பாடம்? ஒரே நேரத்தில் வாங்கிய ஒரே மாடல் கணினிகளில் இரண்டு மூன்று ஒரே மாதிரி பழுதானால், அதைத் தனித்தனிப் பழுதாக எழுதாமல் சேர்த்து எழுதுங்கள். 'இந்த மாடலில் மூன்று, ஒரே அறிகுறி' என்ற புகாருக்கு இருக்கும் பலம், தனித்தனிப் புகாருக்கு இருக்காது. கேபினட் திறந்திருக்கும்போது கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்புக் கசிவு தெரிந்தாலோ ஒரு படம் எடுத்துவிடுங்கள். அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

மாற்ற முடியாத ஒரே பாகம்

ரேம் போனால் வேறு வாங்கலாம். எஸ்.எம்.பி.எஸ் போனால் வேறு போடலாம். ஹார்டு டிஸ்க் போனாலும் வேறு வாங்கலாம். ஆனால் அதில் இருந்த கோப்புகளை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பள்ளியின் மாணவர் பதிவேடு, சங்கத்தின் கடன் கணக்கு, பத்து வருடக் கடிதங்கள் எல்லாம் அதில்தானே இருக்கின்றன?

'டக், டக்' என்ற சத்தம், கோப்பு திறக்க நிமிடக்கணக்கில் ஆவது, சில கோப்புகள் மட்டும் திறக்க மறுப்பது ஆகியவை எச்சரிக்கைகள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கணினியைத் திரும்பத் திரும்ப ஆஃப் செய்து ஆன் செய்யாதீர்கள். முக்கியமான கோப்புகளை உடனே வெளியே நகலெடுங்கள்.

ஆனால் எச்சரிக்கை வரும் என்று காத்திருக்கவும் கூடாது. கூகுள் நிறுவனம் தன்னிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ல் முடிவுகளை வெளியிட்டது. டிஸ்க்குகளுக்குள்ளேயே தங்கள் உடல்நிலையைக் கவனிக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. ஆனால் பழுதான டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், அந்த ஏற்பாட்டில் எந்த எச்சரிக்கையும் காட்டாமலே போயிருந்தன. எனவே நம்பக்கூடிய பாதுகாப்பு ஒன்றுதான்: நகல். மூன்று பிரதி, இரண்டு வேறு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். இந்த 3-2-1 கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கணினியை ரிப்பேருக்குக் கொடுக்கும்போது டிஸ்க்கும் சேர்ந்து போகிறது. அதில் மக்களின் ஆதார் நகல், வங்கிப் புத்தகப் படம் எல்லாம் இருக்கலாம். பழுது டிஸ்க்கில் இல்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். வேலை முடிந்த ஸ்கேன் படங்களை வைத்திருக்கத் தேவையில்லை என்றால் அன்றன்றைக்கே அழித்துவிடும் பழக்கம் அதைவிட நல்லது.

போனில் ஒரு கோளாறு நோட்டு

இவ்வளவு படித்ததில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள். போனில் உள்ள குறிப்புச் செயலியில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பக்கம் தொடங்குங்கள். கோளாறு வரும்போதெல்லாம் ஐந்து விவரம் மட்டும் எழுதுங்கள்.

1. தேதி, நேரம்.
2. அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? பிரின்ட், ஸ்கேன், கைரேகை, சும்மா இருந்தது?
3. திரையில் வந்த வாசகம். எழுத வேண்டாம், படம் எடுங்கள்.
4. சத்தம், வாசனை, விளக்கு ஏதாவது? கரன்ட் போய் வந்ததா?
5. என்ன செய்த பிறகு ஓடியது?

இரண்டு வாரம் எழுதினால் போதும். 'எல்லாமே மதியம் இரண்டு மணிக்கு மேல்', 'எல்லாமே பிரின்ட் கொடுக்கும்போது', 'எல்லாமே திங்கட்கிழமை' என்று ஒரு வரிசை தானாகத் தெரியும். மெக்கானிக்கிடம் "சிஸ்டம் அடிக்கடி போகுதுங்க" என்பதற்குப் பதில், "ஒன்பது நாளில் ஆறு முறை அணைஞ்சிருக்கு, ஆறும் பிரின்ட் கொடுத்தப்போ" என்று சொல்லிப் பாருங்கள். அவர் எங்கே கை வைப்பார் என்பதே மாறிவிடும்.

நீங்கள் வரிசையில் நிற்பவர் என்றால்

"சர்வர் டவுன்", "சிஸ்டம் பழுது" இரண்டும் வேறு. சர்வர் நின்றால் எல்லாக் கவுன்டரிலும், பக்கத்து ஊர் மையத்திலும் வேலை நிற்கும். கணினி பழுதானால் அந்த ஒரு மேசையில்தான் நிற்கும். அதே இணையதளத்தை உங்கள் போனில் திறந்து பாருங்கள். திறந்தால் சர்வர் ஓடிக்கொண்டிருக்கலாம். "வேற கவுன்டர்ல பார்க்கலாமா?" என்று தன்மையாகக் கேட்கலாம், அல்லது வேறு மையத்துக்குப் போகலாம்.

விண்ணப்பம் பாதியில் நின்றுபோனால் பதற வேண்டாம். இணையவழி விண்ணப்பங்கள் அந்த மேசைக் கணினியில் தங்குவதில்லை, சர்வரில் பதிவாகின்றன. சமர்ப்பித்தாகிவிட்டதா என்பதுதான் கேள்வி. விண்ணப்ப எண் வந்திருந்தால் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கணினி எரிந்தே போனாலும் உங்கள் விண்ணப்பம் பத்திரமாக இருக்கும். எண் வரவில்லை, ஆனால் பணம் போய்விட்டது என்றால், மறுபடி பணம் கட்டுவதற்கு முன் முதல் பரிவர்த்தனை என்ன ஆனது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆதார், மதிப்பெண் சான்றிதழ் போன்றவற்றை முன்கூட்டியே டிஜிலாக்கரில் சேர்த்து வைத்தால், ஸ்கேனர் பழுது என்றாலும் கையில் ஆவணம் இருக்கும். கடைசித் தேதி உள்ள வேலை என்றால் ஒரு வாரம் முன்னதாகவே போய்விடுங்கள். ஒரே மையத்தில் அதே பதில் தொடர்ந்து வந்தால், தேதி, நேரத்தைக் குறித்துக்கொண்டு முதல்வரின் உதவி மைய எண் 1100-ல் தெரிவிக்கலாம். 'எப்பப் பார்த்தாலும் பழுது' என்பதைவிட 'மூன்று தேதி, ஒரே கவுன்டர்' என்பது வேலையை நகர்த்தும்.

கடைசியாக ஒன்று. மாற்றிய பாகங்களையும் பழைய பேட்டரிகளையும் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் வழியாகத்தான் அந்தப் பாகங்கள் போக வேண்டும்.

கவுன்டரில் இருப்பவருக்கு அது ஒரு கணினி. வரிசையில் நிற்பவருக்கு அது ஒரு நாள் கூலி, ஒரு கல்லூரி இடம், ஒரு மாத ஓய்வூதியம். 'சிஸ்டம் போயிடுச்சு' என்று அடுத்த முறை சொல்ல நேர்ந்தால், அல்லது கேட்க நேர்ந்தால், கூடவே ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "இதுக்கு முன்னாடி எப்பப் போச்சு? அப்ப என்ன செஞ்சுக்கிட்டு இருந்தோம்?" இன்றைக்கே போனை எடுத்து முதல் வரியை எழுதிவிடுங்கள்.